உயிரெழுத்தை இழந்த பயணம்

பயண நிகழ்ச்சி என்பது, பார்ப்பவர் தம் வாழ்நாளில் ஒருமுறைகூடப் போக வாய்க்காத ஓர் ஊரை, அங்குள்ள மக்களின் முகத்தோடும் பேச்சோடும் சாப்பாட்டோடும் அவருடைய வீட்டுக் கூடத்துக்கே கொண்டுவந்து சேர்க்கிற தொலைக்காட்சி வடிவம். கேமராவும் ஒலிவாங்கியும் இருந்துவிட்டால் மட்டும் அது அமைந்துவிடாது. ஓர் ஊரில் சில நாள் தங்கி, அவசரப்படாமல் பார்த்து, பார்த்ததை நேர்மையாகச் சொல்லத் தெரிந்த ஒருவர் அதற்கு வேண்டும், அவருக்கு அந்த அவகாசத்தைக் கொடுக்கத் துணிந்த ஒரு நிறுவனமும் வேண்டும். முன்னவருக்கு உலகத்தில் ஒருபோதும் பஞ்சம் வந்ததில்லை. பின்னது எப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கைநழுவியது என்பதற்கு, அமெரிக்கக் கேபிள் தொலைக்காட்சியில் பயணத்துக்கென்றே தொடங்கப்பட்டு, இன்று பயணத்தின் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு பேய்க் கதைகளை ஒளிபரப்பும் டிராவல் சேனலின் வரலாற்றைவிடத் தெளிவான சான்று இல்லை.

அந்த அலைவரிசை 1987 பிப்ரவரியில் பிறந்தது. அதைத் தொடங்கியது, டி.டபிள்யூ.ஏ. என்று அறியப்பட்ட டிரான்ஸ் வேர்ல்டு ஏர்லைன்ஸ் என்னும் விமான நிறுவனத்தின் துணை நிறுவனம். ஊர்களின் மேல் ஆசையை ஊட்டினால்தான் விமான இருக்கைகள் நிரம்பும் என்ற நிலையில் இருந்த ஒரு தொழிலின் குழந்தை அது. ஆகையால் அதன் தொடக்க காலத்தை ஒரு பொற்காலம் என்று எண்ணிவிடக் கூடாது. நல்ல ஆண்டுகள் பின்னால்தான் வந்தன, வந்தவையும் நெடுநாள் நிலைக்கவில்லை. 1992இல் லேண்ட்மார்க் நிறுவனத்திடமும், 1990களின் இறுதியில் டிஸ்கவரியிடமும், 2007இல் காக்ஸ் நிறுவனத்திடமும், 2010 வாக்கில் ஸ்கிரிப்ஸ் நிறுவனத்திடமும், 2018இல் மறுபடி டிஸ்கவரியிடமும் அது கைமாறியது. வாங்கிய ஒவ்வொருவரும் அந்தப் பெயருக்குள் வேறு வேறு பொருளை வைத்துப் பார்த்தார்கள்.

பயண நிகழ்ச்சி எந்த உயரத்தை எட்டக்கூடியது என்பதைக் கேபிளுக்கு வெளியே, பொது ஒளிபரப்பு நிறுவனமான பிபிசி டிராவல் சேனலின் தொடக்க ஆண்டுகளிலேயே காட்டியது. நகைச்சுவை நடிகரான மைக்கேல் பேலின் 1988 செப்டம்பரில் லண்டனிலிருந்து புறப்பட்டு, விமானத்தைத் தொடாமல், ரயிலிலும் கப்பலிலும் 80 நாளில் உலகைச் சுற்றிவர முயன்ற பயணம், 1989இல் 7 பகுதிகள் கொண்ட தொடராக ஒளிபரப்பானது. துபாயிலிருந்து பம்பாய்க்கு அவர் வந்தது ஒரு மரக்கலத்தில். குஜராத்தி மாலுமிகள் ஓட்டிய அந்தக் கலத்தில் கழிப்பறை என்பது பின்புறத்தில் கடலுக்கு மேலாகத் தொங்கவிடப்பட்ட ஒரு மரப்பெட்டி. பேலின் வயிற்றுப்போக்கில் சுருண்டு தளத்தின் மேல் கிடந்தார். அவரைப் பார்த்துக்கொண்டவர்கள் அவருடைய மொழி அறியாத அந்த மாலுமிகள். வயது முதிர்ந்த மாலுமி ஒருவரின் காதுகளில் பேலின் தம் வாக்மேனின் ஹெட்ஃபோனை மாட்டிவிட, அவர் அமெரிக்க ராக் இசையைக் கேட்டு மெல்ல ஆடத் தொடங்கும் காட்சி அத்தொடரிலேயே மிக அதிகமாக நினைவுகூரப்படுவது. கடலைத் தவிர வேறெதுவும் கண்ணுக்குத் தெரியாத அந்த ஒரு வாரத்துக்குத் தயாரிப்பாளர்கள் 7 பகுதிகளில் ஒன்றை முழுதாக ஒதுக்கினார்கள். பேலின் பிறகு பம்பாயிலிருந்து ரயிலில் மதராஸ் வந்து, அங்கிருந்து சரக்குக் கப்பலில் சிங்கப்பூர் சென்று, 80 நாள் முடிவதற்குள் லண்டன் திரும்பினார். அந்தக் கெடுவுக்குள் முடித்தாரா என்பது இன்று யாருக்கும் பெரிதாக நினைவில்லை. மரக்கலத்தின் மாலுமிகள் நினைவில் நிற்கிறார்கள்.

ஒரு வாரத்தை ஒரு மரக்கலத்துக்குக் கொடுக்க முடிந்தது என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. அந்த ஏழு நாளில் கேமராவுக்கு முன்னால் நடந்தவை மிகக் குறைவு. ஆனால் மாலுமிகள் கேமராவை மறந்துபோவதற்கு அத்தனை நாள் தேவைப்பட்டது. பயண நிகழ்ச்சியில் செலவு மிகுந்த பொருள் விமானச் சீட்டோ விடுதி அறையோ அல்ல, காத்திருக்கும் நேரம். கேபிள் தொழில் முதலில் வெட்டியது அதைத்தான்.

கேபிளின் கணக்கு

அமெரிக்கக் கேபிள் அலைவரிசைக்கு வருமானம் இரண்டு வழியாக வருகிறது. கேபிள் நிறுவனம் தன் சந்தாதாரர் ஒவ்வொருவருக்கும் மாதம் இவ்வளவு சென்ட் என்று அலைவரிசைக்குச் செலுத்தும் இணைப்புக் கட்டணம் ஒன்று, விளம்பரம் மற்றொன்று. சந்தாதாரர் டிராவல் சேனலைப் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும், அது அவர் வாங்கிய தொகுப்புக்குள் இருக்கும்வரை முதல் வருமானம் வந்துகொண்டே இருக்கும். தொகுப்புக்குள் நுழைவதற்கு ஓர் அலைவரிசைக்குத் தனித்த அடையாளம் தேவை: வானிலைக்கு ஒன்று, வரலாற்றுக்கு ஒன்று, பயணத்துக்கு ஒன்று என்று கேபிள் நிறுவனங்கள் 1980களிலும் 1990களிலும் சேர்த்துக்கொண்டன. ஆனால் நாடெங்கும் கோடிக்கணக்கான வீடுகளில் இடம் பிடித்த பிறகு அடையாளத்தின் வேலை முடிந்துவிடுகிறது. அதற்கப்பால் வருமானத்தை உயர்த்துவதற்கு எஞ்சியிருக்கும் வழி விளம்பரமே. விளம்பர விலையை முடிவுசெய்வதோ, எத்தனை பேர் எத்தனை நிமிடம் பார்த்தார்கள் என்று நீல்சன் நிறுவனம் எடுக்கும் பார்வையாளர் அளவீடு. பெயர்ப் பலகையைக் காட்டிக் கடைக்கு இடம் பிடித்தவர், பிறகு எந்தச் சரக்கு வேகமாக விற்கிறதோ அதை அடுக்கி வைப்பதைப் போன்றது இது. ஊடக ஆய்வாளர்கள் இதை அலைவரிசைச் சறுக்கல் என்று சொல்லத்தக்க ஒரு பெயரால் குறிப்பிடுகிறார்கள். தொடங்கிய நோக்கத்திலிருந்து ஓர் அலைவரிசை படிப்படியாக விலகிப் பெயருக்கும் உள்ளடக்கத்துக்கும் தொடர்பற்றுப் போவதே அதன் பொருள்.

டிராவல் சேனலில் இச்சறுக்கலின் முதல் அடையாளம் 2003இலேயே தெரிந்தது. அந்த ஆண்டு மார்ச் மாதம் தொடங்கிய உலகப் போக்கர் சுற்றுப்பயணம் என்னும் சீட்டாட்டப் போட்டி, ஆட்டக்காரர் மறைத்து வைத்திருக்கும் சீட்டுகளைப் பார்வையாளருக்குக் காட்டும் சிறு கேமராக்களை மேசையில் பதித்துப் பெரும் புகழ் அடைந்தது. அதன் பெயரில் சுற்றுப்பயணம் என்ற சொல் இருந்தது. எந்த நகரத்தில் ஆடினாலும் சூதாட்டக் கூடம் ஒன்றுபோலவே இருந்தது. அதே ஆண்டுகளில் தொகுப்பாளர் சமந்தா பிரவுன் பெரும் விடுதிகளையும் ஐரோப்பிய நகரங்களையும் சுற்றிக்காட்டிய நிகழ்ச்சிகள் மென்மையானவை, ஆழம் குறைந்தவை என்று சொல்லலாம். ஆயினும் ஒரு நடுத்தர வகுப்புப் பயணி ஓர் ஊரில் எப்படி நடந்துகொள்வது, எதைக் கேட்பது, எங்கே உட்காருவது என்பதை அவர் மரியாதையோடு கற்றுக்கொடுத்தார். பிற்காலத்தில் வந்தவற்றோடு ஒப்பிட்டால் அது சிறிய சேவை அல்ல.

உயரம் வந்தது 2005 ஜூலையில். நியூயார்க்கின் சமையலறைகளில் வேலை பார்த்து, எழுத்தாளராக அறியப்பட்ட அந்தோணி போர்டெய்ன் அந்த மாதம் தொடங்கிய 'நோ ரிசர்வேஷன்ஸ்' தொடர், முதலில் நன்றாகச் சாப்பிடத் தெரிந்த ஒருவரின் ஊர்சுற்றலாகவே இருந்தது. அடுத்த ஆண்டு ஜூலையில் அவருடைய குழு லெபனானின் தலைநகரான பெய்ரூட்டுக்குச் சென்றது. அந்நகரின் சாப்பாட்டையும் இரவு வாழ்க்கையையும் காட்டுவதே திட்டம். படப்பிடிப்பு தொடங்கிய சில நாளில், ஜூலை 12 அன்று, இஸ்ரேலுக்கும் ஹிஸ்புல்லாவுக்கும் போர் மூண்டது. மறுநாள் விமான நிலையம் தாக்கப்பட்டது. ஏறத்தாழ ஒரு வாரம் விடுதிக்குள் அடைபட்டிருந்த குழுவை அமெரிக்கக் கடற்படையினர் கப்பலேற்றி மீட்டார்கள். அந்த நாள்களில் எடுத்த காட்சிகளில், ஓர் ஊர் தன் கண்முன்னே உடைவதைப் பார்க்கும் மனிதர்களின் முகங்கள் இருந்தன. விருந்தளிக்கக் காத்திருந்தவர்கள் விருந்தினரின் முன் வெட்கப்படுவதைப் போல நின்றார்கள். டிராவல் சேனல் அதை ஆகஸ்டில் ஒளிபரப்பியது. அமெரிக்கத் தொலைக்காட்சியின் உயர்ந்த விருதான எம்மிக்கு அந்தப் பகுதி பரிந்துரைக்கப்பட்டது. பெய்ரூட்டுக்குப் பின் போர்டெய்னின் நிகழ்ச்சியில் சாப்பாட்டு மேசை, அந்த மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்களின் வரலாற்றைக் கேட்பதற்கான இடமாக மாறியது. ஒரு வணிகக் கேபிள் அலைவரிசை விரும்பினால் இதைச் செய்ய முடியும் என்பதற்கு 2006 ஆகஸ்ட் சாட்சி.

தட்டும் இருட்டும்

இரண்டே ஆண்டில், 2008இன் இலையுதிர்காலத்தில், வேறு இரண்டு நிகழ்ச்சிகள் அதே அலைவரிசையில் வந்தன. டிசம்பர் 3 அன்று தொடங்கிய 'மேன் வெர்சஸ் ஃபுட்' தொடரின் முதல் பகுதியில், தொகுப்பாளர் ஆடம் ரிச்மன் டெக்சாஸ் மாநிலத்தின் அமரில்லோ நகரில் 72 அவுன்ஸ், அதாவது ஏறத்தாழ 2 கிலோ எடையுள்ள மாட்டிறைச்சித் துண்டை, அதனோடு கொடுக்கப்படும் உருளைக்கிழங்கு, ரொட்டி முதலியவற்றையும் சேர்த்து, 1 மணி நேரத்துக்குள் தின்று தீர்க்கும் உணவகப் பந்தயத்தில் இறங்கி, அரை மணி நேரத்துக்குள் முடித்தார். ரிச்மன் சமையல்காரர்களிடம் அன்பாகப் பேசுபவர், உணவை அறிந்தவர். நிகழ்ச்சியின் முற்பகுதியில் அது தெரியும். ஆனால் பார்வையாளரை இறுதிவரை பிடித்துவைப்பது கடிகாரமும் தட்டும்தான் என்று அளவீடு சொன்னதும், ஊர் பின்னுக்குப் போய்விட்டது. அமரில்லோவில் யார் வாழ்கிறார்கள், அந்த இறைச்சி எந்த மேய்ச்சல் நிலத்திலிருந்து வருகிறது, அந்த நெடுஞ்சாலையில் ஏன் அப்படியொரு உணவகம் எழுந்தது என்ற கேள்விகளுக்கு அந்தத் தட்டில் இடமில்லை.

அதற்கு ஏழு வாரம் முன்பு, அக்டோபர் 17 அன்று, 'கோஸ்ட் அட்வென்ச்சர்ஸ்' தொடங்கியிருந்தது. ஆள் நடமாட்டமற்ற பழைய கட்டடம் ஒன்றுக்குள் மூன்று பேர் இரவு முழுவதும் தம்மைப் பூட்டிக்கொண்டு, இருட்டிலும் படமெடுக்கும் கேமராவின் பச்சை வெளிச்சத்தில் ஆவிகளைத் தேடுவது அதன் அமைப்பு. மின்காந்தப் புலத்தை அளக்கும் கருவியின் முள் ஆடினால் ஆவி வந்துவிட்டதாகவும், ஒலிப்பதிவுக் கருவியின் இரைச்சலில் ஏதோ ஒரு சொல் போலக் கேட்டால் அது இறந்தவரின் குரல் என்றும் சொல்லப்படும். இவற்றில் எதற்கும் அறிவியல் சான்று இல்லை.

2009 அக்டோபர் 30 அன்று, பேய்களின் இரவாகக் கொண்டாடப்படும் ஹாலோவீனுக்கு முந்தைய நாள், இந்தக் குழு மேற்கு வர்ஜீனியா மாநிலத்தின் வெஸ்டன் என்னும் சிற்றூரில் உள்ள டிரான்ஸ்-அலெகெனி மனநோய் மருத்துவமனைக் கட்டடத்திலிருந்து 7 மணி நேரம் நேரலையாக ஒளிபரப்பியது. அந்தக் கட்டடத்தைச் சற்று நின்று பார்ப்பது தகும். பிலடெல்பியாவைச் சேர்ந்த தாமஸ் கிர்க்பிரைடு என்ற மருத்துவர், மனநோயாளிகளைச் சங்கிலியில் கட்டிச் சிறைகளில் அடைத்திருந்த காலத்தில், வெயிலும் காற்றும் ஒவ்வோர் அறைக்கும் எட்டும்படி, படிப்படியாகப் பின்வாங்கும் நீண்ட சிறகுகளாகக் கட்டடத்தை அமைத்தால் அந்த அமைப்பே நோயைத் தணிக்கும் என்று நம்பினார். அந்தத் திட்டத்தின்படி 1858இல் வெஸ்டன் கட்டடம் தொடங்கப்பட்டது. கட்டிக்கொண்டிருக்கும்போதே அமெரிக்க உள்நாட்டுப் போர் வந்தது. வர்ஜீனியா உடைந்து மேற்கு வர்ஜீனியா தனி மாநிலமானது. 1864இல் முதல் நோயாளிகள் வந்தார்கள். கையால் செதுக்கிய கல்லில் எழுந்த, அமெரிக்காவிலேயே மிகப் பெரிய கட்டடங்களுள் ஒன்று அது. 250 பேருக்காகக் கட்டப்பட்ட அந்த இடத்தில் 1950களில் ஏறத்தாழ 2,400 பேர் அடைக்கப்பட்டிருந்தார்கள். மூளையின் முன்பகுதி நரம்புகளைத் துண்டித்து நோயாளியை அடங்கச்செய்யும் லோபோடமி என்ற கொடிய அறுவைச் சிகிச்சையை மாநிலம் மாநிலமாகக் கொண்டுசென்ற வால்ட்டர் ஃப்ரீமன் அங்கும் அதைச் செய்தார். 1994இல் மருத்துவமனை மூடப்பட்டது.

கருணையோடு தொடங்கிய ஒரு நினைப்பு எப்படி நூறு ஆண்டில் கொடுமையாக முடிந்தது, ஒரு சமூகம் தன் பலவீனமானவர்களை எப்படிக் கண்ணுக்கு மறைத்தது, அங்கே செவிலியராக வேலை பார்த்த வெஸ்டன் குடும்பங்கள் இன்று என்ன நினைக்கின்றன என்பவற்றைச் சொல்ல ஒரு பயண நிகழ்ச்சிக்கு இதைவிட நல்ல இடம் அமையாது. 7 மணி நேரம் கிடைத்தது. பேலினின் மரக்கலத்துக்குக் கிடைத்ததைப் போலப் பல மடங்கு. கிடைத்த நேரமெல்லாம் இருட்டில் பெயர் சொல்லி அழைப்பதற்குச் செலவானது. அந்தச் சுவர்களுக்குள் துன்பப்பட்டு இறந்தவர்கள் பெயரும் ஊரும் குடும்பமும் உள்ள மனிதர்கள். அவர்களுடைய துயரத்தைக் கூச்சலுக்குரிய பொருளாக்கியது தரக் குறைவு மட்டுமல்ல, மரியாதைக் கேடு.

ஆயினும் அலைவரிசையின் கணக்குப் புத்தகத்தில் இது வேறு விதமாகத் தெரிந்தது. வெளிநாட்டு ஊர் ஒன்றைப் பற்றிய 1 மணி நேர நிகழ்ச்சிக்குக் குழுவின் விமானப் பயணம், அனுமதிகள், மொழிபெயர்ப்பு, உள்ளூரில் எல்லாவற்றையும் ஏற்பாடு செய்து தருபவரின் ஊதியம், ஒரு வாரத்துக்குக் குறையாத படப்பிடிப்பு, அதைவிட நீண்ட படத்தொகுப்பு எல்லாம் வேண்டும். பேய் நிகழ்ச்சிக்கு உள்நாட்டிலேயே ஒரு கட்டடமும் ஓர் இரவும் போதும், விளக்குகூடத் தேவையில்லை. பயண நிகழ்ச்சி சில ஆண்டில் பழையதாகிவிடும், ஏனென்றால் உணவகம் மூடப்படும், விலை மாறும், ஆட்சி மாறும். பேய்க்கு வயதாவதில்லை என்பதால் அதை எத்தனை முறை வேண்டுமானாலும் மறு ஒளிபரப்புச் செய்யலாம். இதோடு விளம்பர இடைவேளை என்னும் அமைப்பும் சேர்ந்துகொண்டது. 1 மணி நேரக் கேபிள் நிகழ்ச்சியில் விளம்பரம் போக ஏறத்தாழ 42 நிமிடமே நிகழ்ச்சி. ஒவ்வோர் இடைவேளைக்கு முன்பும் பார்வையாளர் ரிமோட்டைத் தொடாதபடி ஒரு பதற்றத்தில் நிறுத்த வேண்டும், இடைவேளைக்குப் பின் புதிதாக வந்தவருக்காக நடந்ததைத் திரும்பச் சொல்ல வேண்டும். கதவு தானாகத் திறக்குமா என்ற பதற்றத்தை ஐந்து முறை உண்டாக்கலாம். ஒரு மீனவர் தம் வலையைப் பின்னும் அமைதியை அப்படி நறுக்க முடியாது. இந்த இலக்கணம் நல்ல தொகுப்பாளர்களையும் விட்டுவைக்கவில்லை. பயணத் தொடர்கள் பலவற்றில் ஊருக்குள் நுழையும் காட்சி மும்முறை வருவதும், சந்தித்த மனிதர் ஒரு வாக்கியம் பேசி முடிப்பதற்குள் காட்சி மாறுவதும் இதனால்தான்.

விளம்பரம் நிகழ்ச்சிக்குள்ளேயே நுழைந்தது அடுத்த கட்டம். 2012இன் இறுதியில், தம்முடைய தொடரின் காட்சிகளையும் குரலையும் தம் இசைவின்றி ஒரு கார் விளம்பரத்தோடு இணைத்துவிட்டதாக போர்டெய்ன் டிராவல் சேனல் மீது வெளிப்படையாகக் குற்றம் சாட்டினார். அதற்குள் அவர் செய்தி அலைவரிசையான சிஎன்என்னுக்குப் போக முடிவெடுத்திருந்தார். 2013 ஏப்ரலில் அவருடைய 'பார்ட்ஸ் அன்நோன்' தொடர் அங்கே தொடங்கியது. பயணத்துக்கென்றே இருந்த அலைவரிசையின் மிகச் சிறந்த பயணிக்கு ஒரு செய்தி நிறுவனத்தில்தான் இடம் கிடைத்தது.

2018 மார்ச்சில் டிஸ்கவரி நிறுவனம் ஸ்கிரிப்ஸை ஏறத்தாழ 1,190 கோடி டாலருக்கு வாங்கியது. உணவுக்கான ஃபுட் நெட்வொர்க், வீட்டலங்காரத்துக்கான எச்ஜிடிவி, சாகசத்துக்கான டிஸ்கவரி ஆகிய அனைத்தும் ஒரே கூரையின் கீழ் வந்ததால், பயண அலைவரிசையில் எஞ்சியிருந்த உணவும் சாகசமும் அங்கே தேவையற்ற இரட்டிப்பாகத் தோன்றின. அந்த ஆண்டின் பிற்பகுதியில் டிராவல் சேனல் முழுமையாக அமானுஷ்ய நிகழ்ச்சிகளுக்கு மாற்றப்பட்டது. அதோடு அதன் சின்னமும் மாறியது: பயணத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லில் இருந்த இரண்டு உயிரெழுத்துகளும் நீக்கப்பட்டு, நான்கு மெய்யெழுத்துகள் மட்டும் எஞ்சின. உயிர் சேர்ந்தால்தான் மெய் இயங்கும் என்று முதல் வகுப்பில் படித்த தமிழருக்கு, அந்தச் சின்னம் நடந்ததை நடந்தபடியே சொல்வதாகத் தோன்றும். அதே இலையுதிர்காலத்தில், பிரான்ஸில் படப்பிடிப்பின்போது 2018 ஜூன் 8 அன்று இறந்த போர்டெய்னின் இறுதித் தொடர் சிஎன்என்னில் ஒளிபரப்பாகி நவம்பரில் முடிந்தது.

சறுக்கல் டிராவல் சேனலோடு நிற்கவில்லை. 1995இல் வரலாற்றுக்கெனத் தொடங்கிய ஹிஸ்டரி சேனல், அடகுக் கடை வியாபாரத்தையும் வேற்றுக் கிரகவாசிகளையும் முதன்மை நிகழ்ச்சிகளாக்கிக்கொண்டது. அமெரிக்க அரசின் சுகாதார, கல்வி, நலத் துறையும் விண்வெளி நிறுவனமான நாசாவும் 1972இல் தொடங்கிவைத்த கல்வி ஒளிபரப்பு, பின்னர் லேர்னிங் சேனல் என்று பெயர் பெற்று, டிஎல்சி என்ற மூன்றெழுத்தாகச் சுருங்கி, குடும்பச் சண்டைகளைக் காட்டும் அலைவரிசையானது. இந்தியக் கேபிளில் அதன் விளைவு நேராகத் தெரிந்தது. 2004இல் இங்கே தொடங்கப்பட்ட டிஸ்கவரி டிராவல் அண்டு லிவிங், தொகுப்பாளர் இயன் ரைட் முதுகுப்பையோடு அலைந்து திரிந்த நிகழ்ச்சிகளையும் போர்டெய்னையும் தமிழ்நாட்டு வீடுகளுக்கும் கொண்டுவந்தது. பாஸ்போர்ட்டே இல்லாத எத்தனையோ பேர் அதன் வழியாகத்தான் முதன்முதலில் பிற நாட்டுச் சந்தைகளையும் பேருந்து நிலையங்களையும் கண்டார்கள். 2010இல் அதன் பெயரிலிருந்து பயணம் என்ற சொல் நீங்கி, அது டிஎல்சி ஆனது.

குற்றம் யாருடையது?

மக்கள் விரும்புவதைத்தான் கொடுக்கிறோம் என்பது அலைவரிசை நிர்வாகங்களின் வழக்கமான விடை. இது உண்மையானால், அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியில் 1991 முதல் ஐரோப்பாவைச் சுற்றிக்காட்டிவரும் ரிக் ஸ்டீவ்ஸின் நிகழ்ச்சிக்கு முப்பது ஆண்டுக்கு மேலாகப் பார்வையாளர் எப்படிக் கிடைத்தார்கள்? இடையில் விளம்பரமற்ற அரை மணி நேரம், ஆரவாரமற்ற விளக்கம், பார்ப்பவர் நாளைக்கே புறப்பட்டால் உதவக்கூடிய தகவல் என்பது மட்டுமே அவருடைய முறை. டிராவல் சேனல் இறைச்சிப் பந்தயத்தையும் ஆவி வேட்டையையும் தொடங்கிவைத்த சில வாரத்தில், 2009 ஜனவரியில், ஸ்டீவ்ஸ் ஈரானைப் பற்றி 1 மணி நேரச் சிறப்பு நிகழ்ச்சியை வெளியிட்டார். தம் நாடு பகையாகக் கருதும் ஒரு நாட்டின் மக்களைத் தம் நாட்டவர் முகம் பார்த்து அறிய வேண்டும் என்பதே அதன் நோக்கம். சமந்தா பிரவுனும் 2018 முதல் அதே பொதுத் தொலைக்காட்சிக்கு வந்து சேர்ந்தார்.

பக்கத்திலேயே இன்னொரு விடை இருக்கிறது. கேரளத்தின் சந்தோஷ் ஜார்ஜ் குளங்கர 2001இல் ஏஷ்யாநெட்டில் தொடங்கிய 'சஞ்சாரம்', பெரும்பாலும் அவரே தனியாகக் கேமராவைத் தூக்கிச் சென்று எடுத்த காட்சிகளால் ஆனது. பரபரப்பு இல்லாத அந்த நிகழ்ச்சியை மலையாளக் குடும்பங்கள் தலைமுறை தாண்டிப் பார்த்தன. 2013இல் அவர் சஃபாரி என்ற தனி அலைவரிசையையே தொடங்கி, அதை விளம்பரம் இல்லாமல் நடத்திவருகிறார். ஒரு தனி மனிதர் ஒரு மாநில மொழியில் செய்ய முடிந்ததைப் பல கோடி டாலர் நிறுவனங்கள் முடியாதென்று சொல்வது ஏற்கத்தக்கதல்ல. யூடியூப் வந்ததால் பயண நிகழ்ச்சி அழிந்தது என்ற வாதமும் காலக்கணக்குக்கு ஒத்துவரவில்லை. சீட்டாட்டம் டிராவல் சேனலுக்கு வந்தபோது யூடியூப் பிறக்கவே இல்லை. இணையத்தில் நல்ல பயணிகள் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் சொல்வதைச் சரிபார்க்கும் ஆய்வாளரும், ஒரு மாதம் காத்திருக்கப் பணம் கொடுக்கும் நிறுவனமும் அவர்களுக்கு இல்லை. அந்த இரண்டும் இருந்த இடம் தொலைக்காட்சி, அதைக் கைவிட்டதும் தொலைக்காட்சியே.

கைவிட்டதன் அளவைத் தமிழர்கள் அறிய ஒரு சான்று உண்டு. போர்டெய்ன் இலங்கைக்கு இரண்டு முறை சென்று நிகழ்ச்சி செய்தார். டிராவல் சேனலுக்காக முதல் முறை சென்றபோது போர் நடந்துகொண்டிருந்தது, வடக்கே போக முடியவில்லை. அந்தப் பகுதி 2009இல் ஒளிபரப்பானது. அதை ஒரு குறையாகவே மனத்தில் வைத்திருந்தவர் போல, சிஎன்என்னுக்காக மறுமுறை சென்றபோது கொழும்பில் ரயிலேறி யாழ்ப்பாணம் போனார். 1990இல் நின்றுபோய், 24 ஆண்டுக்குப் பின் 2014 அக்டோபரில் யாழ்ப்பாணம்வரை மீண்டும் ஓடத் தொடங்கிய ரயில் தடம் அது. நண்டுக் குழம்பு சாப்பிட்டார். போரில் இழந்தவர்களைப் பற்றிப் பேசுவோரின் முன் அமர்ந்து கேட்டார். 2017 அக்டோபரில் ஒளிபரப்பான அந்தப் பகுதியில், உலகின் பெரும்பாலோர் ஒருபோதும் கேட்டறியாத ஓர் ஊரின் மக்கள் தம் வீட்டில், தம் உணவின் முன், தம் சொல்லில் தெரிந்தார்கள். முதல் முறை சந்திக்க முடியாமல் போனவர்களுக்காக எட்டு ஆண்டுக்குப் பின் திரும்பிப் போவது பயண நிகழ்ச்சியால் மட்டுமே முடிகிற காரியம். அளவீட்டு எண்ணுக்காக இயங்கும் எந்த அலைவரிசையும் அப்படித் திரும்பிப் போகாது.

இந்தியாவில் 2019 பிப்ரவரி முதல், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் விதிப்படி, கேபிள் சந்தாதாரர் தமக்கு வேண்டிய கட்டண அலைவரிசைகளை ஒவ்வொன்றாகத் தேர்ந்து வாங்கலாம். தொகுப்பில் கிடைத்ததை வாங்கிக்கொள்ளாமல், பயணத்தின் பெயரில் வருவது பயணம்தானா என்று பார்த்துத் தேர்வு செய்ய ஒவ்வொரு வீட்டுக்கும் உரிமை உண்டு. தமிழ் அலைவரிசைகள் ஒரு நல்ல ஒளிப்பதிவாளரையும் ஊர்களை நேசிக்கும் ஓர் எழுத்தாளரையும் ஒரு மாத அவகாசத்தையும் ஒதுக்கி, ஆண்டுக்கு ஒரு தொடரையாவது செய்ய வேண்டும். செய்தால், பார்வையாளர்கள் அதற்குப் பணம் கொடுத்துப் பார்க்க வேண்டும்.